டிசைன் ரிஜிஸ்டர் பண்றது பத்தி கேள்வி பதில்

பேட்டன்ட் ஏஜென்டா இருக்கேன், கைல வர்றதுல பாதிக்கு மேல டிசைன் ஃபைலிங் தான். வந்த கேள்விகள்ல ஒரே மாதிரி இருந்தத சேத்துட்டு பதில் எழுதியிருக்கேன். எல்லாமே இந்தியாவோட டிசைன்ஸ் ஆக்ட் 2000 கணக்குல தான்.

கோவை, கிரைண்டர் பட்டறை: அண்ணா, டேபிள்டாப் கிரைண்டருக்கு புதுசா பாடி பண்ணியிருக்கோம். டிரம்ம கவுக்கறதுக்கு ஒரு லீவரும் நாங்களே யோசிச்சு பண்ணது. ரெண்டையும் ஒரே டிசைன்ல போட்றலாமுங்களா?

போட முடியாதுங்க. டிசைன்னா கண்ணுக்கு தெரியற உருவம், வரி, அலங்காரம், கலர் சேர்க்கை, அவ்வளவு தான். லீவர் எப்படி வேலை செய்யுதுங்கறத டிசைன் சட்டம் சீண்டவே சீண்டாது, அது பேட்டன்ட் பக்கம். பாடிய டிசைனா போடுங்க, லீவருக்கு பேட்டன்ட் தேறுமான்னு தனியா தேடி பாக்கணும். ஆனா ரெண்டையும் ஃபைல் பண்ணி முடிக்கற வரைக்கும் டீலர் மீட்டிங்ல மெஷின காட்டிராதீங்க.

மதுரை, நகை டிசைனர்: சார், ஜிமிக்கி டிசைன் ஒன்ன மூணு மாசம் முன்னாடி இன்ஸ்டால போட்டேன், நல்லா ஓடுச்சு. இப்ப ரிஜிஸ்டர் பண்ணலாமா?

வாரத்துக்கு ஒருத்தராவது இத கேக்கறாங்க, பதில் சொல்ல எனக்கே கஷ்டமா இருக்கு. அந்த டிசைன் போச்சு மேடம். ஃபைல் பண்ற தேதிக்கு முன்னாடி உலகத்துல எங்க வெளிய வந்திருந்தாலும் அது புதுசு இல்லைன்னு 4வது பிரிவு சொல்லுது, வெளியிட்டது நீங்களே தான்னாலும் அதே கதி தான், அமெரிக்கால ஒரு வருஷம் டைம் தர்ற மாதிரி இங்க கிடையாது. விதிவிலக்கு ரொம்ப கம்மி. நம்பி ரகசியமா காட்டின ஆள் வெளிய விட்டுட்டா அது உங்க தலைல விழாது, அப்புறம் அரசு அறிவிச்ச கண்காட்சில வைக்கறதா இருந்தா முன்கூட்டியே நோட்டீஸ் குடுத்துட்டு ஆறு மாசத்துக்குள்ள ஃபைல் பண்ணணும். இன்ஸ்டா ரீல் ரெண்டுலயும் வராது.

பெரிய கம்பெனிக்கே இது தான் நிலைமை. க்ராக்ஸ் செருப்பு கேஸ்ல பதிவு கைல இருந்தும் டெல்லி ஹைகோர்ட் 2018ல இடைக்கால தடை குடுக்கல, பதிவு தேதிக்கு முன்னாடியே அந்த மாதிரி செருப்பு இணையத்துல வந்துருச்சுங்கறது முக்கியமான காரணம்.

இப்ப நீங்க செய்யக்கூடியது, அடுத்த ஜிமிக்கிய போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி ஃபைல் பண்றது. ஃபைல் பண்ண அன்னைக்கு சாயங்காலமே ரீல் போட்டுக்கலாம், தடையே இல்ல. பழசுல ரெண்டு முத்த கூட்டி புதுசுன்னு தள்ளலாம்னு நினைக்காதீங்க, தெரிஞ்ச டிசைன்ல இருந்து நல்லாவே வித்தியாசம் தெரியணும்.

கரூர், பெட்ஷீட் ஏற்றுமதி: வரைஞ்ச உடனே காப்பிரைட் தானா வந்துருமே, அப்புறம் எதுக்கு சார் இந்த செலவு?

வரும் சார், ஆனா தங்காது. காப்பிரைட் சட்டம் 15வது பிரிவ படிச்சு பாருங்க, டிசைனா பதிவு பண்ண தகுதி இருந்தும் பண்ணாம விட்டுட்டு அத வச்சு தொழில் முறைல 50 தடவைக்கு மேல பொருள் செஞ்சா அந்த காப்பிரைட் போயிரும். உங்க லூம்ல 50 பீஸ்ங்கறது எவ்வளவு நேரம்? ரித்திகா கம்பெனி பீபாங்கற ட்ரெஸ் கம்பெனி மேல போட்ட கேஸ் டெல்லி ஹைகோர்ட்ல 2016ல இந்த பாயின்ட்ல தான் விழுந்துச்சு, அதுவும் ட்ரெஸ் டிசைன் தான். சீசனுக்கு 40 டிசைன் போடறீங்கன்னா எல்லாத்தையும் பதிய சொல்லல, ரிப்பீட் ஆர்டர் வரும்னு தோணற நாலஞ்ச பதிஞ்சா போதும்னு நான் சொல்லுவேன்.

கும்பகோணம், பித்தளை பாத்திரம்: பழைய கோயில் தூண்ல இருக்கற கொடி வேலைப்பாட்ட வாட்டர் ஜக்ல கொண்டு வந்திருக்கேன். பழசுன்னு தள்ளிருவாங்களா?

தள்ளியே ஆகணும்னு இல்லைங்க. உருவம் பழசா இருந்தும் அத ஒரு பொருள்ல புதுசா கொண்டு வந்தா அதையும் ஒரிஜினல்னு சட்டமே ஒத்துக்குது. பாரத் கிளாஸ் ட்யூப் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 2008ல இந்த கணக்குல தான் போச்சு, கண்ணாடில டிசைன் பதிக்கற ஜெர்மன் ரோலர்ல இருந்த டிசைன் கண்ணாடி ஷீட்ல ஏற்கெனவே வந்ததுன்னு நிரூபிக்கல, அதனால பதிவு நின்னுச்சு. ஆனா கொடி உங்களுக்கு சொந்தம் ஆகாது, அந்த ஜக்ல அது அமைஞ்ச விதம் தான் உங்களோடது.

சென்னை, ஸ்டார்ட்அப்: ஃபீஸ் எவ்வளவு, எங்க போகணும்?

எங்கயும் போக வேண்டாம், ஆன்லைன் தான், டிசைன் பிரிவு கொல்கத்தால இருக்கு. தனி ஆள், ஸ்டார்ட்அப், சின்ன நிறுவனம்னா அரசு ஃபீஸ் 1000 ரூபா, மத்தவங்களுக்கு 4000. சின்ன நிறுவனம்னா எம்எஸ்எம்இ சர்டிபிகேட்ட சேத்து வைங்க, இல்லைன்னா 4000 தான். அப்ஜெக்ஷன் வந்தா ஃபைல் பண்ண தேதில இருந்து ஆறு மாசத்துக்குள்ள சரி பண்ணணும், கேட்டா இன்னும் மூணு மாசம் வரைக்கும் கிடைக்கும். அப்ஜெக்ஷன் முக்கால்வாசி படத்துனால தான் வருது. எல்லா பக்கமும் தெரியணும், பேக்ரவுண்ட் சுத்தமா இருக்கணும், அளவு எழுதக்கூடாது, கேட் (CAD, கம்ப்யூட்டர்ல வரையறது) டிராயிங்க அப்படியே எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்பறவங்க எல்லாரும் இதுல மாட்றாங்க.

ஓசூர், ஃப்ரீலான்ஸ் டிசைனர்: கிளையன்ட் காசு குடுத்துட்டாரு, பதிவு என் பேர்லயா அவர் பேர்லயா?

காசு வாங்கிட்டு அவருக்காக பண்ணிருந்தா உரிமையாளர் அவர் தான் தம்பி. வேற மாதிரி வேணும்னா வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எழுத்துல போட்டுக்கணும்.

யாழ்ப்பாணம், தளபாட வேலை: அண்ணை, இந்தியாவில பதிஞ்சா இஞ்ச செல்லுமோ?

செல்லாது, அந்தந்த நாட்டுல தனித்தனியா தான். உங்களுக்கு இலங்கைல 2003ம் ஆண்டு 36ம் இலக்க அறிவுசார் சொத்து சட்டம் இருக்கு, அஞ்சு வருஷம், ரெண்டு தடவை புதுப்பிச்சா மொத்தம் 15. முதல்ல அங்க ஃபைல் பண்ணிட்டு ஆறு மாசத்துக்குள்ள இங்க போட்டா அந்த முதல் தேதியவே இங்கயும் கேட்டு வாங்கலாம்.

கோவை, பம்ப் பாகங்கள்: பதிவு இருக்கு, பக்கத்து ஏரியாக்காரர் அப்படியே காப்பி அடிச்சு விக்கறாரு. எவ்வளவு நஷ்டஈடு கிடைக்கும்?

ரெண்டு வழி இருக்கு. ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 வரைக்கும் வாங்கற வழில ஒரு டிசைனுக்கு மொத்தமே 50,000 தான் உச்சம், வக்கீல் ஃபீஸுக்கே பத்தாது. தடை உத்தரவும் நஷ்டஈடும் கேட்டு மாவட்ட கோர்ட்ல போறது தான் புத்திசாலித்தனம். அவரும் சும்மா இருக்க மாட்டாரு, இது ஏற்கெனவே கேட்டலாக்ல இருந்த டிசைன்னு சொல்லி உங்க பதிவையே ரத்து பண்ண பாப்பாரு, அந்த வாதத்த எடுத்தா கேஸே ஹைகோர்ட்டுக்கு மாறிரும். அதனால நோட்டீஸ் விடறதுக்கு முன்னாடி உங்க பழைய கேட்டலாக், ஃபேஸ்புக் பேஜ், கண்காட்சி போட்டோ எல்லாத்தையும் தோண்டி பாத்துக்கோங்க, எதிராளி கண்டிப்பா தோண்டுவாரு. இன்னொன்னு, பொருள் மேல பதிவுன்னு குறியும் நம்பரும் போட்டிருக்கீங்களா? போடாம விட்டா நஷ்டஈடு வாங்கறது பெரும்பாடு, தடை உத்தரவு வேணா கேக்கலாம்.

அதே ஆள்: பதிவு 2016ல பண்ணது, இன்னும் உசுரோட இருக்குமா?

முதல்ல 10 வருஷம், அப்புறம் ஃபார்ம் 3 போட்டு ஃபீஸ் கட்டினா இன்னும் 5, அதோட முடிஞ்சது. எந்த மாசம் ஃபைல் பண்ணீங்கன்னு இன்னைக்கே பாருங்க, தேதி தாண்டியிருந்தாலும் ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப உயிர் குடுக்க மனு போடலாம், ஆனா ஏன் விட்டுப்போச்சுன்னு காரணம் சொல்லணும், நடுவுல அந்த காப்பி அடிச்சவர் பண்ணதுக்கு கேஸ் போட முடியாது.