ஒரு அப்பா, மூன்று அப்பாயின்ட்மெண்ட்

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என் அப்பா. இப்போது நீரிழிவு, காலில் ஆறாத புண். கட்டுப் போட ஊர் கிளினிக். கண்ணுக்கு ஒரு நாள், சிறுநீரகத்துக்கு ஒரு நாள் என்று ஈப்போ. ஒவ்வொரு தடவையும் நான் லீவு போட வேண்டியிருக்கிறது. ஒரு நோயாளியின் எல்லாச் சிகிச்சையையும் ஒருவரே பொறுப்பேற்றுக் கவனிக்கும் முறை உண்டாமே? சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் அது வருமா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வரும் அம்மா, வரவும் வேண்டும். நம் நாட்டுக்கு இது புதிதில்லை. வேலையில் அடிபட்டவர்களும் நோயுற்றவர்களும் மறுபடி வேலைக்குத் திரும்ப, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ 2007இலேயே கேஸ் மேனேஜர்களை வைத்தது. டாக்டரிடமும் முதலாளியிடமும் அவர்களே பேசுவார்கள். ஆனால் அது சந்தாதாரர்களுக்கானது.

ஆஸ்பத்திரியில் இந்த வேலைக்கு அனுபவமுள்ள ஒரு தாதி போதும். தாதியாக இருந்தபோது ஒரு பாட்டியின் மருந்துப் பையைக் கட்டிலில் கொட்டிப் பார்த்தேன். அரசு கிளினிக் கொடுத்த நீரிழிவு மாத்திரை மெட்ஃபோர்மின் ஒரு அட்டையில். தனியார் கிளினிக் கொடுத்த அதே மருந்து, வேறு பெயரில், வேறு நிற அட்டையில். இரண்டையும் வேளை தவறாமல் சாப்பிட்டிருக்கிறார். இரண்டு டாக்டர்களும் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அந்தப் பையைப் பார்க்க ஒருவர் வேண்டும். டிஸ்சார்ஜுக்கு முன்பே, பகலில் வீட்டில் யார் இருப்பார், கட்டு மாற்ற யாருக்குத் தெரியும், வண்டி உண்டா என்று அவர் கேட்க வேண்டும். திரும்பத் திரும்ப வார்டுக்கு வருகிறவர்களிடமிருந்து தொடங்கினால் போதும். அப்புறம் முக்கியமான ஒன்று: அப்பாயின்ட்மெண்ட் தேதிகளைப் பேசி மாற்றும் அதிகாரமும், குடும்பத்தார் கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணும் அவருக்கு இருக்க வேண்டும். ஏற்கெனவே முப்பது கட்டிலைப் பார்க்கும் தாதியின் தலையில் இதையும் கட்டினால் ஒன்றும் நடக்காது.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: தனியார் மருந்து, நாட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ஒவ்வொரு டாக்டரிடமும் காட்டுங்கள். கண்ணையும் சிறுநீரகத்தையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று கவுண்டரில் கேளுங்கள், தயங்க வேண்டாம். போக்குவரத்துச் செலவு சிரமமென்றால் பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு இருக்கும், அங்கே சொல்லுங்கள்.

ஊர் ஆஸ்பத்திரி இயக்குநருக்கும் அதன் லெம்பாகா பெலாவாட் (ஆஸ்பத்திரி வருகையாளர் வாரியம்) உறுப்பினர்களுக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். பொதுவாகக் கோரிக்கை வைக்காமல், அப்பாவின் ஒரு மாத அப்பாயின்ட்மெண்ட் தேதிகளை, போன இடம், காத்திருந்த நேரம், செலவான ரிங்கிட்டோடு அப்படியே வரிசையாக எழுதி இணையுங்கள்.