துருவும் பெயிண்டும்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ராத்திரி நேரத்தில் அக்ரிலிக்கில் படம் வரைவேன். பழைய லாரி, பழைய டிராக்டர், இவைதான். அப்பா லாரி டிரைவராக இருந்தவர், இப்போது வீட்டோடு இருக்கிறார். புளியமரத்தடியில் துருப்பிடித்து நிற்கிற டாடா 1210 லாரி, புல்லில் பாதி புதைந்த மாசி பெர்குசன் டிராக்டர் என்று வரைந்து போட்டால் உடனே வாங்கிக்கொள்கிறார்கள். ஓட்டல்களில்கூட மாட்டியிருக்கிறார்கள். ஆனால் ஓவியக் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர், இது பழைய ஞாபகத்தை விற்கிற காலண்டர் படம், கலை இல்லை என்று சொல்லிவிட்டார். டிராக்டரை ரசிப்பது உழவு மாட்டுக்குச் செய்கிற துரோகம் என்கிறார் இன்னொருவர். கையால் வரையாமல் கணினியில் வரைந்தால் மதிப்புக் குறையுமா என்றும் ஒரு குழப்பம். இதை விட்டுவிட்டு வேறு ஏதாவது வரையலாமா? மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

கொஞ்ச காலமாகவே இதைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன். ஹைவே ஓட்டல் எதில் நுழைந்தாலும் சுவரில் ஒரு துருப்பிடித்த லாரி தொங்குகிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதமும் படங்களும் வந்தன, அதனால்தான் பதில்.

நண்பரை விடுங்கள். காலண்டர் படம் என்றால் மட்டம் என்று நினைப்பவரோடு பேச எனக்குப் பொறுமை கிடையாது. நம் ஊரில் எத்தனையோ வீடுகளுக்கு ஓவியம் என்று ஒன்று வந்து சேர்ந்ததே சிவகாசி காலண்டர் வழியாகத்தான். கணினியா கையா என்பதும் பெரிய விஷயம் இல்லை, எதில் கை ஓடுகிறதோ அதில் வரையுங்கள். மாடு, துரோகம் என்பதற்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரத்தியா லாங் 1938-இல் டெக்சாஸ் மாநிலம் சில்ட்ரஸ் கவுண்டியில் எடுத்த ஒரு புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள். குத்தகை விவசாயிகளை டிராக்டர் வெளியே தள்ளியதைப் பற்றிய படம், ஆனால் அதில் டிராக்டரே கிடையாது. உழுத சால்கள் வளைந்து வளைந்து ஒரு வீட்டைச் சுற்றி வருகின்றன, வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான். வரைகிறவருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டு டிராக்டர் மீது ஆசை வைப்பதில் எந்தத் துரோகமும் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். மூன்று படத்திலும் துரு. லாரியின் மட்கார்டில் துரு, கதவில் துரு, டிராக்டர் பானெட் முழுக்கத் துரு. அந்தத் துருவை நீங்கள் எவ்வளவு ஆசையாக வரைந்திருக்கிறீர்கள் என்பது தெரிகிறது, ஆரஞ்சு, பழுப்பு, ஊதா என்று அடுக்கடுக்காக, கை நல்ல கை. ஆனால் தம்பி, இதை எங்கே பார்த்தீர்கள்?

நான் சொல்கிறேன். அமெரிக்கப் படங்களில் பார்த்தீர்கள். கான்சாஸ், நெப்ராஸ்கா, டகோட்டா பக்கம் ஒரு 1948 ஃபோர்டு எஃப்-1 பிக்கப்போ பழைய ஃபார்மால் டிராக்டரோ ஓடாமல் போனால் களஞ்சியத்துக்குப் பின்னால் தள்ளிப்போய் நிறுத்திவிட்டு மறந்துவிடுவார்கள். நிலம் பரந்து கிடக்கிறது, அதை இழுத்துக்கொண்டு போய் எடைக்குப் போடுகிற கூலிக்கே கட்டாது. காற்றும் வறண்ட காற்று, துரு மெதுவாகத்தான் ஏறும். அங்கே இருக்கிற ஓவியர் சன்னல் வழியாகப் பார்த்ததை வரைகிறார். அவர் தாத்தா விட்டுப்போன வண்டி அது, சிவப்பு பெயிண்ட் உதிர்ந்து உதிர்ந்து அவர் கண் முன்னாலேயே பழுப்பானது. அவருக்கு அது உண்மை.

நம் ஊரில் ஒரு லாரி ஓடாமல் போனால் என்ன ஆகும்? ஒரு மாதம் புளியமரத்தடியில் நிற்குமா? டயர் முதலில் போகும், பேட்டரி போகும், கியர் பாக்ஸை ஒருவர் விலை பேசுவார், மிச்சத்தைக் கேஸ் கட்டர் வைத்து வெட்டிக் காயலான் கடைக்கு ஏற்றிவிடுவார்கள். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற சென்னை புதுப்பேட்டைக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். துருப்பிடித்துக் கிடக்க ஒரு வண்டிக்கு இங்கே யாரும் அவகாசம் கொடுப்பதில்லை. அழகாகத் துருப்பிடிக்க இடமும் காசும் வேண்டும்.

அதைவிட முக்கியமானது, ஓடுகிற லாரி. உங்கள் அப்பா ஓட்டிய லாரி துருப்பிடித்திருந்ததா? வாய்ப்பே இல்லை. அப்போது வருடா வருடம் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்றிதழ், எடுக்க பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் பட்டறையில் விட்டு டிங்கர் வேலை பார்த்து, பெயிண்ட் அடித்து, எழுத்தெல்லாம் புதிதாக எழுதித்தான் எடுப்பார்கள். எத்தனை கிழட்டு வண்டியாக இருந்தாலும் வருடத்தில் ஒரு நாள் அது கல்யாண வண்டிதான்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் தாய்மாமா சங்ககிரியில் ஒரு லாரிப் பட்டறையில் பெயிண்டர். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பழைய பெயிண்டை எடுப்பார்கள், அப்புறம் ரெட் ஆக்சைடு, அப்புறம் பட்டி பார்ப்பது, மறுபடி வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ப்பது, அதற்குப் பிறகுதான் எனாமல். கடைசியாக மாமா வருவார். சாக்பீஸ் தடவிய நூலை இரண்டு பக்கமும் பிடித்து நடுவில் சுண்டினால் தகரத்தில் நேர்கோடு விழும், அந்தக் கோட்டுக்குள் எழுத்து. இடது கையில் ஒரு குச்சி, அதன்மேல் வலது மணிக்கட்டைச் சாய்த்துக்கொண்டு 'ஸ்ரீ முருகன் துணை' என்று ஒரே மூச்சில் இழுப்பார். முதலில் மஞ்சள், அது காய்ந்ததும் ஓரத்தில் சிவப்பு நிழல். பின்கதவில் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஓர் அன்னம். நூற்றுக்கணக்கான லாரியில் அதே அன்னத்தைப் போட்டிருப்பார், ஆனால் ஒவ்வொரு தடவையும் கழுத்து வளைவு வரும்போது பேச்சை நிறுத்திவிடுவார். நாமும் பேசக்கூடாது.

உங்கள் லாரியின் பழுப்பு நிறத்தைப் பார்த்ததும் எனக்குப் பட்டது இதுதான். பல மாநிலங்களில் ஓட அனுமதி வாங்கிய நேஷனல் பர்மிட் லாரிகள் பழுப்பாக இருந்ததற்குக் காரணம் துரு இல்லை, சட்டம். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் நேஷனல் பர்மிட் வண்டிக்குக் காய்ந்த இலையின் பழுப்பு நிறம் அடிக்க வேண்டும், பட்டையாக வெள்ளை பார்டர் போட வேண்டும், இரண்டு பக்கமும் வட்டத்துக்குள் 'நேஷனல் பர்மிட்' என்று எழுத வேண்டும் என்று போட்டிருந்தது. டெல்லியில் உட்கார்ந்து யாரோ ஓர் அதிகாரி காய்ந்த இலை என்று எழுதியிருக்கிறார் பாருங்கள். அந்த ஒரு வரியால் நாடு முழுக்க லாரிகள் அந்த நிறத்தில் ஓடின. எங்கள் பட்டறையில் அந்தப் பழுப்பைக் குடம் குடமாகக் கலந்தார்கள். நீங்கள் அந்த நிறத்தை எடுத்துக்கொண்டு, அது பெயிண்ட் என்பதை மறந்து, துரு ஆக்கிவிட்டீர்கள். ஒரு மனிதன் வெயிலில் நின்று அடித்த பெயிண்டைத் தண்ணீரும் காற்றும் செய்த வேலையாக மாற்றிவிட்டீர்கள். எனக்கு இதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அடுத்து, உங்கள் லாரியில் ஓர் எழுத்துகூட இல்லை. எழுத்து இருந்தால் படத்தின் அழகு கெட்டுவிடும் என்று துடைத்துவிட்டீர்களா? லாரிக்குப் பின்னால் எழுதாத இடம் எங்கே இருந்தது? 'ஒலி எழுப்புக' இருக்கும், 'நாம் இருவர் நமக்கு இருவர்' இருக்கும், முதலாளி பிள்ளைகளின் பெயர் இருக்கும், ஓரத்தில் பொடி எழுத்தில் பட்டறை பெயரும் பெயிண்டர் பெயரும் இருக்கும். நீங்கள் உங்கள் படத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், நியாயம்தான், ஆனால் உங்களுக்கு முன்னால் அதே லாரியில் கையெழுத்துப் போட்ட ஆளை அழித்துவிட்டு அல்லவா போட்டிருக்கிறீர்கள். அந்த ஆட்களில் பலருக்கு இன்றைக்கு வேலை இல்லை. ஃப்ளெக்ஸ் வந்தது, ரேடியம் ஸ்டிக்கர் வந்தது, மாமாவும் கடைசியில் வீடுகளுக்கு வெள்ளையடிக்கப் போனார். லாரியை வரைகிறேன் என்று வருகிற நீங்களாவது அவர்கள் எழுத்தை எழுத்தாகவே வரைய வேண்டாமா?

இன்னொன்று. வெளியே முகப்பில் எழுதுகிற பெயர்கள் முதலாளி வீட்டுப் பெயர்கள். சில டிரைவர்கள் வண்டியை எடுக்க வரும்போது மாமாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேபினுக்குள்ளே, முன்கண்ணாடிக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு பெயர் எழுதச் சொல்வார்கள். அவர்கள் மகள் பெயர், மகன் பெயர். வண்டி அவர்களுடையது இல்லை, அதனால் உள்ளே. அதற்கு மாமா காசு வாங்கமாட்டார். மிச்சம் இருக்கிற மஞ்சளில், உடம்பை மடக்கிக்கொண்டு, தலைக்கு மேலே கையைத் தூக்கி எழுதுவார். உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். என்ன நிறம் அடித்தார்கள், எந்தப் பட்டறை, பின்கதவில் என்ன படம், கேபினுக்குள் ஏதாவது எழுதியிருந்ததா என்று. வண்டி பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் அந்த மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். 1210-ன் பானெட் சூட்டில் வருடக்கணக்கில் இடது கால் வெந்த கதையையும் சொல்வார். அதையும் கேளுங்கள்.

டிராக்டரும் அப்படித்தான். உழவில் இருக்கிற ஒன்பது கொழுக் கலப்பையின் கொழுவைப் பாருங்கள், மண்ணில் உரசி உரசி வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னும். நாலு நாள் சும்மா நின்றால்தான் அதில் துருவின் சிவப்பு ஏறும். கிளட்ச் மிதி நடுவில் தேய்ந்து பளபளக்கும், ஸ்டியரிங்கில் கை பிடிக்கிற இடம் மட்டும் வழவழவென்று இருக்கும். பழையதைக் காட்ட வேண்டும் என்றால் இதை வரையுங்கள். டாஃபே 1960-இல் மெட்ராஸில் தொடங்கிய டிராக்டர் கம்பெனி, அந்தச் சிவப்பு மாசி பெர்குசன் இங்கே செய்து இங்கே உழுத வண்டி. ஆயுத பூஜை அன்றைக்குக் கழுவி, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நிற்கிறதே, அந்த டிராக்டரை ஏன் யாரும் வரைவதில்லை?

விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடாதீர்கள். வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அது நல்லதுதான்.

கடைசியாக இரண்டு திருத்தம். லாரி முகப்பில் பென்ஸ் நட்சத்திரம் போட்டிருக்கிறீர்கள். டெல்கோவும் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸும் 1954-இல் சேர்ந்தார்கள், அந்தக் கூட்டு 1969-இல் முடிந்துவிட்டது. அப்பா காலத்து வண்டி என்றால் 'டி' எழுத்துதான் இருக்க வேண்டும். டிராக்டரைப் பின்னாலிருந்து வரைந்த மூன்றாவது படத்தில் பெரிய சக்கரத்தின் டயரில் இருக்கிற 'வி' வடிவப் பட்டைகள் தலைகீழாக இருக்கின்றன. பின்னாலிருந்து பார்த்தால் கூர்முனை மேலே பார்க்க வேண்டும், அப்போதுதான் முன்னே உருளும்போது முனை முதலில் மண்ணைக் கடித்து, சேற்றை இரண்டு பக்கமும் தள்ளும். நீங்கள் மாட்டியிருக்கிற டயரோடு சேற்றில் இறங்கினால் வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும். அதைச் சரிசெய்யாமல் விற்காதீர்கள்.