லண்டனுக்கு முதல் முறை, நாலைந்து நாள், கையைக் கடிக்காத செலவு: கேள்வி பதில்

லண்டனில் குடியிருப்பதால், வருகிற சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் ஊர் சுற்றிக் காட்டுவது எனக்கு ஏறக்குறைய இரண்டாவது வேலை. கேட்டவர்களுக்கான பதில்கள் கீழே. கட்டணங்கள் அடிக்கடி ஏறுவதால் தொகைகளைப் பெரும்பாலும் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஐந்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. லண்டன் மூன்று நாள், பாரிஸ் இரண்டு நாள் என்று பிரிக்கலாமா? அவ்வளவு தூரம் போய் ஒரே ஊரையா பார்ப்பது என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பதில்: வேண்டாம் தம்பி. ரயிலில் இரண்டரை மணி நேரம்கூட ஆகாது என்று பார்த்ததும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் பெட்டி கட்டி, ரூமைக் காலி செய்து, செயின்ட் பேங்க்ராஸ் ஸ்டேஷனுக்கு முன்கூட்டியே போய் பாஸ்போர்ட் வரிசையில் நின்று, அந்தப் பக்கம் இறங்கி மறுபடி ரூமைத் தேடிப் பெட்டியை வைப்பதற்குள் ஒரு நாளில் பாதி போயிருக்கும். திரும்பி வருவதற்கு இன்னொரு பாதி. பிரிட்டன் விசா பிரான்ஸில் செல்லாது, விசா தேவைப்படும் பாஸ்போர்ட் என்றால் பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். வந்து இறங்கும் நாளையும் கிளம்பும் நாளையும் கழித்தால் உங்களிடம் இருப்பதே மூன்று நாள்தான், அதை லண்டனுக்கே கொடுங்கள். ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல் வட்டமும் அப்படித்தான்: போக வரப் பேருந்திலேயே பகல் கரைந்துவிடும்.

கேள்வி: எந்த மாதம் மலிவு?

பதில்: ரூம் வாடகையை மட்டும் பார்த்தால் ஜனவரி, பிப்ரவரி. ஆனால் குளிர்காலத்தின் நடுவில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும், ஜூனிலோ இரவு ஒன்பதைத் தாண்டியும் வெளிச்சம் இருக்கும். நாலு நாள் மட்டுமே இருப்பவருக்குப் பகல் நீளம் பெரிய விஷயம். ஈஸ்டர் விடுமுறை முடிந்த ஏப்ரல், இல்லையென்றால் செப்டம்பர் கடைசி, இவைதான் என் தேர்வு. எப்போது வந்தாலும் டிசம்பர் 25 அன்று வந்து இறங்காதீர்கள். அன்றைக்கு மெட்ரோவும் ஓடாது, பஸ்ஸும் ஓடாது.

கேள்வி: ரூம் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ரொம்பத் தள்ளி, ஊருக்கு வெளியே எடுத்தால் மிச்சம் ஆகுமே?

பதில்: பயணத்தின் செலவைத் தீர்மானிப்பதே இந்த ஒன்றுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். லண்டன் போக்குவரத்து மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, நடுவில் இருப்பது 1. அங்கே தங்கினால் காசு வாடகையில் போகும், 5, 6 என்று தள்ளிப் போனால் தினமும் ரயில் கட்டணத்திலும் இரண்டு மணி நேரப் பயணத்திலும் போகும். அதோடு, அப்படித் தள்ளித் தங்கியவர் சாயங்காலம் களைத்துப்போய் ரூமில் போய்ச் சற்று சாய்ந்துவிட்டு மறுபடி வெளியே வரவே மாட்டார், ஊரின் இரவை இழந்துவிடுவார். நடுத்தரமாக 2, 3 மண்டலங்களில், ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடைக்குள் பாருங்கள். ஸ்ட்ராட்ஃபர்ட், கிரீனிச், ஹேமர்ஸ்மித், ஈலிங் பிராட்வே இவையெல்லாம் நல்ல இடங்கள். ஸ்ட்ராட்ஃபர்டிலிருந்து எலிசபெத் லைன் ரயிலில் ஏறினால் ஊர் நடுவில் இருக்கும் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

டிராவல்லாட்ஜ், பிரீமியர் இன் மாதிரி சங்கிலி ஹோட்டல்களில் முன்கூட்டியே எடுத்தால் ஒரு விலை, கடைசி வாரத்தில் வேறு விலை. தனியாக வருபவர்கள் ஹாஸ்டல் பாருங்கள். கோடை விடுமுறையில் சில பல்கலைக்கழகங்கள் மாணவர் விடுதி அறைகளை வெளியாட்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. ஆடம்பரம் இருக்காது, ஆனால் ஊர் நடுவில் இருக்கும். இன்னொன்று, விளம்பரத்தில் 'லண்டன்' என்று போட்டிருப்பதை நம்பாமல் வரைபடத்தில் ஸ்டேஷன் எங்கே என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: மெட்ரோவுக்கு ஆய்ஸ்டர் கார்டு வாங்க வேண்டுமா, கையில் இருக்கும் பேங்க் கார்டே போதுமா? நாள் பாஸ் உண்டா?

பதில்: தொடாமல் பணம் செலுத்தும் வசதி உள்ள கார்டு இருந்தால் அதுவே போதும், பெரியவர்களுக்கு இரண்டிலும் கட்டணம் ஒன்றுதான். ஆய்ஸ்டர் என்பது காசு ஏற்றிப் பயணத்துக்குப் பயன்படுத்தும் கார்டு, அதை வாங்கத் தனிக் காசு, அது திரும்பக் கிடைக்காது. உங்கள் பேங்க் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிக்கிறதா என்பதை மட்டும் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், பிடித்தால் ஆய்ஸ்டர் லாபமாக இருக்கலாம்.

நாள் பாஸ் எதுவும் வாங்க வேண்டாம். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்காது என்று உச்சவரம்பு இருக்கிறது, அதைத் தொட்டபின் எத்தனை முறை ஏறினாலும் அந்த மண்டலங்களுக்குள் காசு போகாது. ஆனால் இந்தக் கணக்கு சரியாக வர ஒரே கார்டைத் தட்ட வேண்டும். காலையில் கார்டு, மதியம் அதே கார்டைப் போட்ட ஃபோன் என்று மாற்றினால் எந்திரம் இரண்டு ஆளாகத்தான் எண்ணும். இரண்டு பேர் ஒரே கார்டில் போகவும் முடியாது. மெட்ரோவில் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும், கிழக்கு லண்டன் பக்கம் ஓடும் டிஎல்ஆர் என்ற சிறு ரயிலின் பல ஸ்டேஷன்களில் தடுப்புக் கதவே இருக்காது, அதனால் ஆட்கள் தட்டாமல் போய்விட்டு அதிகபட்சக் கட்டணம் கழிந்த பிறகு விழிப்பார்கள். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும், அங்கே ரொக்கம் வாங்குவதை 2014-லேயே நிறுத்திவிட்டார்கள். முதல் தட்டலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம்தான்.

பதினோரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குப் பெரியவர் கூட இருந்தால் மெட்ரோவில் காசு இல்லை. 11 முதல் 15 வயது வரை என்றால் ஆய்ஸ்டர் வாங்கி, ஸ்டேஷன் ஊழியரிடம் இளம் பயணியர் சலுகையைப் போட்டுத் தரச் சொல்லுங்கள், பாதிக் கட்டணம்தான்.

கேள்வி: ஹீத்ரோவில் இறங்கியதும் டாக்ஸியா, ரயிலா?

பதில்: நாலு பேர், நாலு பெரிய பெட்டி, நடு இரவு என்றால் டாக்ஸி. மற்றபடி ரயில். பிக்கடில்லி லைன்தான் மலிவு, ஊர் நடுவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். எலிசபெத் லைன் பாதி நேரத்தில் போகும், காசு இரண்டு மடங்குக்கும் மேல். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் 15 நிமிடத்தில் பேடிங்டன் போய்விடும், ஆனால் பேடிங்டனில் உங்களுக்கு என்ன வேலை? அங்கிருந்து இன்னொரு ரயில் பிடிக்கத்தான் போகிறீர்கள்.

கேள்வி: டிக்கெட் எடுத்துப் பார்க்கும் இடங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் விமான டிக்கெட்டைத் தொடுகிறது அக்கா. நீங்கள் அண்ணனா அக்காவா தெரியவில்லை, மன்னிக்கவும். எதை விடுவது?

பதில்: அண்ணன்தான், பரவாயில்லை. லண்டனில் தங்குவதுதான் விலை, பார்ப்பது பெரும்பாலும் சும்மா. பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, டேட் மாடர்ன் எல்லாம் இலவசம். சவுத் கென்சிங்டனில் இயற்கை வரலாறு, அறிவியல், விக்டோரியா ஆல்பர்ட் என்று மூன்று மியூசியங்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன, மூன்றுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. மழை வந்தால் ஓட வேண்டிய இடம் அதுதான். வெள்ளிக்கிழமை சில மியூசியங்கள் இரவு வரை திறந்திருக்கும், கூட்டமும் குறைவு. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு வைத்த பழைய சாசனமான மேக்னா கார்ட்டாவை பிரிட்டிஷ் நூலகத்தில் காசில்லாமல் பார்க்கலாம், ஏனோ பலருக்கு இது தெரிவதில்லை.

உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க ஷார்ட் (Shard) கோபுரத்துக்குக் காசு கொடுப்பதற்கு முன் உயரக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் ஸ்கை கார்டனைப் பாருங்கள், இலவசம், ஆனால் முன்பதிவு வேண்டும், சீக்கிரம் தீர்ந்துவிடும். வெஸ்ட்மின்ஸ்டர் அபே, செயின்ட் பால்ஸ் இரண்டிலும் மாலை வழிபாட்டுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அது வழிபாடு, சுற்றிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் கூடாது, உட்கார்ந்து பாடகர் குழுவைக் கேட்கலாம். எனக்குப் பகலில் டிக்கெட் எடுத்து வரிசையில் நகர்வதை விட இதுதான் பிடிக்கும். காசு கொடுத்து ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் பழைய கோட்டையான லண்டன் டவர், காலையில் திறந்தவுடன் போய் அங்கிருக்கும் அரச நகைகளை முதலில் பார்த்துவிடுங்கள். லண்டன் ஐ ராட்டினம், மெழுகுச் சிலைகள்: குழந்தைகள் அழுதால் மட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு முழங்கால் வலி. மெட்ரோ படிக்கட்டு சமாளிப்பாரா?

பதில்: பழைய ஸ்டேஷன்களில் லிஃப்ட் இருக்காது, சுரங்கத்துக்குள் நடையும் அதிகம். எலிசபெத் லைன் ஸ்டேஷன்கள் எல்லாவற்றிலும் தெருவிலிருந்து பிளாட்பாரம் வரை படி ஏறாமல் போகலாம். ஜூபிலி லைனில் வெஸ்ட்மின்ஸ்டர் முதல் ஸ்ட்ராட்ஃபர்ட் வரையிலும் அப்படியே. அப்பாவுக்கு நான் சொல்வது பஸ்தான். 15-ஆம் எண் பஸ் டவர் பக்கத்திலிருந்து செயின்ட் பால்ஸ், ஃப்ளீட் ஸ்ட்ரீட் வழியாக ட்ரஃபால்கர் சதுக்கம் போகும், சுற்றுலாப் பேருந்துக்கு கொட்டிக்கொடுக்கும் பணம் மிச்சம். முதல் முறை லண்டன் வருபவர்கள் வரைபடத்தைப் பார்த்துத் தரைக்கடியிலேயே ஓடுவார்கள், லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவென்ட் கார்டனுக்கு ரயில் ஏறுபவர்களை இன்றும் பார்க்கிறேன், நடந்தால் ஐந்து நிமிடம்.

கேள்வி: சாப்பாட்டுச் செலவு?

பதில்: மதியம் டெஸ்கோ, செயின்ஸ்பரிஸ் மாதிரி சூப்பர்மார்க்கெட்டில் சாண்ட்விச், நொறுக்கு, பானம் மூன்றும் சேர்த்து ஒரே விலைக்குத் தரும் மீல் டீல், பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், பாட்டில் வாங்க வேண்டாம். இரவு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடுங்கள். பில்லில் 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்தே வந்தால் அதற்கு மேல் டிப்ஸ் வைக்கத் தேவையில்லை.

கேள்வி: பணம் மாற்றுவது, திருட்டு பயம் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: ரொக்கம் கொஞ்சம் இருந்தால் போதும், விமான நிலையத்தில் மாற்றாதீர்கள். கார்டு மெஷின் பவுண்டில் பிடிக்கவா, உங்கள் நாட்டுப் பணத்தில் பிடிக்கவா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு பவுண்ட் என்று அமுக்குங்கள், மற்றதில் மாற்று விகிதம் மோசமாக இருக்கும். திருட்டைப் பொறுத்தவரை முக்கியம் ஃபோன். நடைபாதை ஓரத்தில் நின்று வரைபடம் பார்ப்பவரிடமிருந்து சைக்கிளிலோ மொபெட்டிலோ வந்து பிடுங்கிக்கொண்டு போவது இங்கே சகஜம். பார்க்க வேண்டுமென்றால் சுவர் பக்கம் ஒதுங்கி, சாலைக்கு முதுகு காட்டாமல் பாருங்கள்.

கேள்வி: நாளுக்கு ஒரு திட்டம் போட்டுத் தர முடியுமா?

பதில்: மணிவாரியாகத் தர மாட்டேன், பகுதிவாரியாகத் தருகிறேன். இறங்கிய நாள், தூக்கம் வராமலிருக்க வெளியே நடங்கள்: வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலிருந்து தேம்ஸின் தென்கரையோடு டவர் பிரிட்ஜ் வரை, நாலு கிலோமீட்டர் அளவுதான், பாதியில் அலுத்தால் பஸ் இருக்கிறது. ஒரு நாள் கிழக்கு: டவர், செயின்ட் பால்ஸ், ஸ்கை கார்டன். ஒரு நாள் நடு ஊர்: காலையில் பிரிட்டிஷ் மியூசியம், அப்புறம் கோவென்ட் கார்டன், ட்ரஃபால்கர், இரவு லெஸ்டர் ஸ்கொயர் சலுகை டிக்கெட் கடையில் கிடைக்கும் நாடகம். ஒரு நாள் சவுத் கென்சிங்டனும் ஹைட் பார்க்கும். மிச்சமிருக்கும் பொழுதில் கிரீனிச், மலை மேட்டில் ஏறி நின்று நதியையும் ஊரையும் பார்ப்பதற்குக் காசில்லை, வானியல் கூடத்துக்குள் போகத்தான் டிக்கெட்.

கேள்வி: கடைசி நாள் இரவுதான் விமானம், காலையில் ரூமைக் காலி செய்துவிட்டுப் பெட்டிகளை என்ன செய்வது?

பதில்: ரூம் எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டுச் சுற்றுங்கள், பல ஹோட்டல்களில் சும்மாவே வைத்துக்கொள்வார்கள், முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். பெரிய ஸ்டேஷன்களில் பெட்டிக் காப்பகம் உண்டு, ஆனால் பெட்டிக்கு இவ்வளவு என்று கணிசமாக வாங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பெரிய கடைகளுக்கு ஆறு மணி நேரம்தான் வியாபார அனுமதி, பரிசுப் பொருள் வாங்குவதை அன்று மாலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.