தரையிறங்காமல் மேலே ஏறினால் பதறாதீர்கள்: வாசகர் கேள்விகள்

பிளஸ் டூ படிக்கிறேன், கண்ணாடி அணிந்திருக்கிறேன். விமானி ஆக முடியுமா? (ஆற்காடு மாணவி)

முடியும். கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால்தான் சிக்கல். ஆகவே பயிற்சிப் பள்ளிக்கு ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் விமானிகளுக்கான இரண்டாம் வகுப்பு (கிளாஸ் 2) மருத்துவச் சான்று வாங்குங்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் முன்பணம் கட்டிய பிறகே பலர் கடிதம் போடுகிறார்கள்.

நேற்று எங்கள் வீட்டுக்கு மேலே போன விமானம் எது? (காட்பாடி)

நேரம் எழுதவில்லை, திசை எழுதவில்லை. எதை வைத்துச் சொல்வது? பெங்களூரிலிருந்து சென்னை போவது என்றால் உங்கள் ஊருக்கு வரும்போது இறங்கத் தொடங்கியிருக்கும். வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போயிருந்தால் 30,000 அடிக்கு மேலே செல்லும் தொலைதூர விமானம். என்ஜினிலிருந்து வரும் நீராவி மைனஸ் 40 டிகிரிக் குளிரில் உறைந்து கோடாகத் தெரிகிறது. அடுத்த முறை நேரமும் திசையும் குறித்து அனுப்புங்கள்.

சென்னையில் இறங்க வந்த விமானம் சக்கரம் தரையில் படப்போகும் நேரத்தில் சட்டென மேலே ஏறிவிட்டது. மயிரிழையில் உயிர் தப்பினோம். விமானி மீது புகார் கொடுக்கலாமா? (குடியாத்தம்)

நன்றிக் கடிதம் கொடுங்கள். 'மயிரிழையில் உயிர் தப்பினர்' என்று தலைப்பு வரும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நீங்கள் பார்த்தது கோ-அரவுண்ட். முன்னால் இறங்கிய விமானம் ஓடுதளத்தை விட்டு விலகாமல் இருக்கலாம், காற்று திடீரென மாறியிருக்கலாம், வேகமோ உயரமோ கணக்குக்குள் வராமல் போயிருக்கலாம். காரணம் எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: என்ஜின் விசையைக் கூட்டி, மூக்கைத் தூக்கி, சக்கரங்களை உள்ளே இழுத்து, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வருவது. விமானிகள் சிமுலேட்டரில் திரும்பத் திரும்பச் செய்து தேர்ச்சி பெறும் பாடம் இது. அந்த நேரத்தில் காக்பிட்டில் இருவருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. அறிவிப்பு தாமதமாக வருவது அதனால்தான். ஆபத்தை மறைக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

மேலே ஏறாமல் போனால் என்ன ஆகும்? 2010 மே 22, மங்களூரு. விமானம் மிக உயரத்தில், மிக வேகமாக வந்தது. துணை விமானி மூன்று முறை கோ-அரவுண்ட் போகச் சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. 8,000 அடி ஓடுதளத்தில் 5,000 அடியைத் தாண்டிய பிறகே சக்கரம் தரையில் பட்டது. மிச்ச நீளம் போதாமல் ஓடுதளத்தைத் தாண்டி ஓடியதில் 158 பேர் இறந்தார்கள். கேப்டன் இறங்கும் முயற்சியைக் கைவிடாததுதான் நேரடிக் காரணம் என்று விசாரணை அறிக்கை எழுதியது. மூன்று முறை சொன்னார் என்பதை இன்னொரு தடவை படியுங்கள். எரிபொருள் செலவு, தாமதம், பயணிகளின் முணுமுணுப்பு என்று ஒரு விமானி தயங்கும் நிலை வரவே கூடாது. உங்கள் புகார் மனு அந்தத் தயக்கத்துக்குத்தான் தீனி போடும். கால் மணி நேரம் தாமதமானால் ஆகட்டும்.

அப்துல்லாபுரத்தில் உள்ள வேலூர் விமான நிலையத்தில் பெரிய விமானங்கள் ஏன் இறங்குவதில்லை? (வேலூர்)

ஓடுதளம் குட்டை. அதோடு நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், என்ஜினுக்கு வலு குறையும். வேலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 அடி. மே மாத மதியம் 42 டிகிரி அடித்தால் அங்கே காற்று 4,000 அடி உயரத்தில் இருப்பதைப் போல மெலிந்துவிடும். அதாவது தரையில் நிற்கும் விமானம் ஏலகிரிக்கும் மேலே நிற்பதாகக் கணக்குப் போட வேண்டும். ஜனவரிக் காலையில் போதுமான நீளம் மே மதியத்தில் போதாது. ஆளையோ எரிபொருளையோ குறைத்தாக வேண்டும்.

ராஜாளி தளத்தில் பயணிகள் விமானம் விடக் கூடாதா? (அரக்கோணம்)

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை நிலையம் மூடிக்கிடந்தபோது விட்டார்கள். மற்றபடி அது கடற்படையின் கண்காணிப்பு விமானங்களுக்கான தளம்.

பெட்டியில் வைத்த பவர் பேங்கை விமான நிலையத்தில் எடுக்கச் சொன்னார்கள். நியாயமா? (ஆம்பூர்)

நியாயம்தான். லித்தியம் பேட்டரி சரக்கு அறையில் தீப்பிடித்தால் யாரும் கை நீட்டி எட்ட முடியாது. கேபினில் என்றால் பணிப்பெண்கள் உடனே பார்த்து அணைப்பார்கள். 100 வாட்-மணி வரை கைப்பையில் கொண்டுபோகலாம். 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 75 வாட்-மணி. டிக்கெட்டோடு வரும் விதிகளைப் படித்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.