ஒரே பள்ளியில் 35 வருடங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். அமெரிக்க ஓவியர் ஆல்மா தாமஸ் பற்றி நீங்கள் எழுதியிருந்த சிறு குறிப்பைப் படித்தேன். பள்ளி ஆசிரியையாக 35 வருடம் வேலை பார்த்து, ஓய்வு பெற்றபின் ஓவியராகப் புகழ்பெற்றவர் என்று மூன்று வரியில் முடித்துவிட்டீர்கள். நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். வருகிற மே மாதம் ஓய்வு. எனக்கென்று ஒரு படம் வரைந்து பல வருடமாகிறது. பரீட்சை நெருங்கினால் என் பீரியடை கணக்கு சார் கேட்பார், நானும் கொடுத்துவிடுவேன். அந்த அம்மாவுக்கு 35 வருடம் வீணாகப் போனதே என்ற வருத்தம் இருந்திருக்காதா? அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா?

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தவறு என்னுடையது. ‘ஓய்வு பெற்றபின் ஓவியரானார்’ என்ற அந்த வரியால்தான் உங்களுக்கு இந்தக் கேள்வி வந்திருக்கிறது. அந்த வரி பாதிதான் உண்மை.

ஆல்மா 1891-இல் ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பிறந்தவர். நான்கு பெண்களில் மூத்தவர். அம்மா உடை வடிவமைத்துத் தைப்பவர். அந்த ஊர் நூலகத்துக்குள் கறுப்பர்கள் போகமுடியாது. 1906-இல் அட்லாண்டாவில் கறுப்பர்கள் மீது பெரும் வன்முறை நடந்தது. அடுத்த வருடம் குடும்பம் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தது. அங்கும் பள்ளிகள் நிறத்தால் பிரிக்கப்பட்டவைதான், ஆனாலும் கறுப்பர் பிள்ளைகள் நன்றாகப் படிக்க வழி இருந்தது. பதினைந்தாவது தெருவில் அவர்கள் குடிபோன வீட்டில்தான் ஆல்மா சாகும்வரை, ஏறத்தாழ 70 வருடம் வாழ்ந்தார்.

சிறுமியாக இருந்தபோது கட்டடக் கலைஞராக ஆசைப்பட்டார். அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு அதெல்லாம் எங்கே? ஆசிரியப் பயிற்சி முடித்துச் சிறு குழந்தைகளுக்குப் பாடம் எடுத்தார். 30 வயதில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மனையியல் படிக்கச் சேர்ந்து, அங்கிருந்து ஓவியத்துக்கு மாறினார். 1924-இல் அந்தத் துறையின் முதல் பட்டதாரி அவர்தான். அப்புறம் ஷா ஜூனியர் ஹைஸ்கூலில் ஓவிய ஆசிரியை. 1960 வரை அதே பள்ளி.

அந்த வருடங்களில் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். கோடை விடுமுறைகளில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்து, 1934-இல் முதுகலைப் பட்டம் வாங்கினார். நூல்பொம்மை செய்யக் கற்றுக்கொண்டு பிள்ளைகளோடு பொம்மலாட்டம் போட்டார். அவர்களை அருங்காட்சியகங்களுக்குக் கூட்டிப்போனார். 1938-இல் தன் பள்ளியிலேயே ஓர் ஓவியக்கூடம் அமைத்தார். படங்களைப் பார்க்க எங்கோ போகமுடியாத பிள்ளைகளுக்கு, படங்களையே பள்ளிக்குள் கொண்டுவந்துவிட்டார். 1943-இல் கறுப்பர்களே நடத்திய பார்னட்-ஏடன் காலரி வாஷிங்டனில் தொடங்கியபோது அதிலும் முக்கியப் பொறுப்பு அவருக்கு இருந்தது.

இவ்வளவுக்கும் நடுவே தானும் வரைந்துகொண்டிருந்தார். பெரும்பாலும் பார்த்ததை அப்படியே வரையும் படங்கள், பூச்சாடி, உட்கார்ந்திருக்கும் ஆள் என்று. திறமையான படங்கள்தான், ஆனால் அவருடைய குரல் இன்னும் அதில் வரவில்லை. 1950-இல், 60 வயதை நெருங்கும்போது, அமெரிக்கன் யுனிவர்சிட்டியில் மறுபடி மாணவியாகச் சேர்ந்தார். பகலில் பள்ளி, மீதி நேரத்தில் தன்னைவிட இளையவர்களிடம் ஓவியப் பாடம். பத்து வருடம் இப்படிப் போனது. உருவங்களை விட்டுவிட்டு வண்ணத்தையும் வடிவத்தையும் மட்டுமே வரையும் அரூப ஓவியத்துக்கு அவர் திரும்பியது இங்கேதான், வேலையில் இருந்தபோதே. நான் அந்த மூன்று வரியில் விட்டது இதைத்தான்.

ஓய்வுக்குப் பிறகு எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. 1964-இல் மூட்டுவாதம் முற்றி, இனி வரையவே முடியாதோ என்ற நிலை. அப்போது ஹோவர்டிலிருந்து, உங்கள் படங்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்துகிறோம் என்றார்கள். இதுவரை செய்யாத ஒன்றைச் செய்ய வேண்டும் என்று நினைத்தார். வீட்டின் முன்னறை ஜன்னலுக்கு வெளியே ஒரு ஹாலி மரம். பல வருடமாக அங்கேயே நின்ற மரம்தான். அதன் இலைகளுக்கிடையே வெளிச்சம் புகுந்து விழுவதை உட்கார்ந்து பார்த்தார். மரத்தை வரையவில்லை. வெளிச்சம் துண்டு துண்டாக நகர்வதை, சின்னச் சின்ன வண்ணத் தீற்றல்களாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தீற்றலுக்கும் தீற்றலுக்கும் நடுவே விட்ட இடைவெளியில் அடியில் இருக்கும் வெள்ளை தெரியும். படம் மூச்சுவிடுவதுபோல் இருப்பது அந்த இடைவெளியால்தான் என்று நினைக்கிறேன். பென்சில் கோடுகளைக்கூடப் பல இடத்தில் அழிக்காமல் விட்டிருக்கிறார்.

1966-இல் வரைந்த ‘ரிசரெக்‌ஷன்’ படத்தைத் தேடிப் பாருங்கள். உயிர்த்தெழுதல் என்று பொருள். நடுவிலிருந்து வளையம் வளையமாக வண்ணங்கள் விரிந்துகொண்டே போகும். 2015-இல் அது வெள்ளை மாளிகைச் சுவரில் ஏறியது. அந்த மாளிகையின் சேகரிப்பில் இடம்பெற்ற, கறுப்பினப் பெண் ஒருவரின் முதல் படைப்பு அது.

பெரிய ஸ்டூடியோ எதுவும் கிடையாது. சமையலறையிலும் முன்னறையிலும் கேன்வாஸை மடியிலும் சோபாவிலுமாகச் சாய்த்துவைத்து வரைந்திருக்கிறார். குதிரை வண்டிக் காலத்தில் பிறந்தவர், மனிதன் நிலவில் இறங்கியதைப் பார்த்துவிட்டு விண்வெளிப் படங்களையே ஒரு வரிசையாகச் செய்தார். 1972-இல், 80 வயதில், நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி. அங்கே தனிக் கண்காட்சி கண்ட முதல் கறுப்பினப் பெண் அவர். சிறுவயதில் எங்களால் அருங்காட்சியகத்துக்குள் நுழையவே முடியாது, இப்போது என்னைப் பாருங்கள் என்று அப்போது ஒரு பேட்டியில் சொன்னார்.

கறுப்பர்களின் உரிமைக்காக நடந்த 1963 வாஷிங்டன் பேரணியில் கலந்துகொண்டவர், அதைப் படமாகவும் வரைந்தவர். ஆனாலும் மனிதன் மனிதனுக்குச் செய்யும் கொடுமையை வரைவதைவிட, வண்ணத்தின் வழியாக அழகையும் மகிழ்ச்சியையும் தேடுவதே தன் வழி என்று வெளிப்படையாகச் சொன்னார். அதை ஒதுங்கிப்போவது என்று என்னால் நினைக்க முடியவில்லை. நூலக வாசலில் நிறுத்தப்பட்ட குழந்தை, எதை வரைய வேண்டும் என்பதையும் பிறர் தீர்மானிக்க விடவில்லை.

இனி உங்கள் கேள்வி. விலை கொடுத்துத்தான் இருக்கிறார், இல்லை என்று சொல்லமாட்டேன். 40 வயதில் முழு நேரமும் கிடைத்திருந்தால் இன்னும் எத்தனை படங்கள் வந்திருக்குமோ. ஆனால் வீண் என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. பள்ளிச் சம்பளம் இருந்ததால் விற்பதற்காக ஒரு படம்கூட வரைய வேண்டியதில்லை. ஒரு வண்ணத்தின் பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் என்ன ஆகும் என்பதை வருடா வருடம் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கை அது. ஹாலி மரத்தைப் பார்த்த அன்று அந்தக் கைக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

1976-இல், 80 வயதைத் தாண்டி, கை வலியோடு, மூன்று கேன்வாஸ்களைச் சேர்த்து சுமார் 13 அடி அகலத்துக்கு ஒரு படம் செய்தார். சிவப்பு அசேலியா மலர்கள் ராக் அண்ட் ரோல் பாடி ஆடுவதாக அதற்குத் தலைப்பு. இடப்பக்கம் அடர்ந்திருக்கும் சிவப்புத் துண்டுகள் வலப்பக்கம் போகப் போகச் சிதறி, வெள்ளையில் மிதக்கும். 1978-இல் காலமானார்.

மே மாதம் வரை காத்திருக்காதீர்கள். அடுத்த முறை கணக்கு சார் கேட்டால் பீரியடைக் கொடுக்கவேண்டாம். பிள்ளைகள் வரையட்டும், நீங்களும் பக்கத்தில் ஒரு தாளை எடுத்துவைத்து வரையுங்கள். என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.