உயிர்ப்பல்வகைமைப் பாதுகாப்பும் பூங்கா முகாமைத்துவமும்: பல்கலைக்கழகத்தில் என்ன படிப்பார்கள்?

ஓரிடத்தில் வாழும் செடி, பூச்சி, பறவை, விலங்கு என எல்லா உயிர்களின் பலவகைத்தன்மையே உயிர்ப்பல்வகைமை. அதைக் காப்பதும், அதற்கென ஒதுக்கிய காட்டையோ சதுப்பையோ பராமரிப்பதும்தான் இந்தப் படிப்பு.

வேலி போட்டால் போதாதா? போதாது. ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சர் என்ற சர்வதேச உடன்படிக்கையின்கீழ் 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற நம் கொழும்பையே பாருங்கள். மழைவெள்ளத்தைத் தாங்கிக்கொள்வது இங்குள்ள சதுப்புகள்தான். அங்கே ஆகாயத்தாமரை நீரை மூடிவிட்டால் கீழே வெளிச்சம் போகாது, ஒட்சிசன் குறையும், மீன் சாகும், அப்புறம் கொக்கும் நீர்க்காகமும் வராது. வீட்டுத் தோட்டத்துக்கு மதில் கட்டிவிட்டுக் களை பிடுங்காமல் விட்டால் கத்தரிச் செடி பிழைக்குமா? அதனால்தான் உயிரியலோடு மண், நீர், சட்டம் எல்லாம் கற்பிக்கிறார்கள்.

விலங்குகள் மீது ஆசை இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் விவசாயி, மீனவர், சுற்றுலாப் பயணி என மனிதர்களோடு பேசித் தீர்க்கவேண்டியதும் இதில் நிறைய உண்டு.