விறகு அள்ள எந்த வண்டி?

கேள்வி: அருப்புக்கோட்டை பக்கம் புரோட்டாக் கடை வைத்திருக்கிறேன். கேஸ் கட்டுப்படியாகாமல் மறுபடி விறகு அடுப்புக்கே வந்துவிட்டோம். விறகுக்குக் காசு கொடுப்பதில்லை. தரிசைத் திருத்துகிறவர்கள் ‘கருவேலை வெட்டிப் போட்டிருக்கேன், எடுத்துட்டுப் போங்க’ என்று போன் பண்ணிவிடுவார்கள். காற்றில் விழுந்த வேம்பு, புளியங்கிளையும் அவ்வப்போது கிடைக்கும். நாளைக்கு 50 கிலோ எரிகிறது. இதுவரை டிவிஎஸ் எக்ஸெல்லில்தான் கட்டி வருகிறேன். 2 லட்சத்துக்குள் பழைய வண்டி பார்க்கிறேன். லோடு ஆட்டோவா, குட்டியானையா (டாடா ஏஸ்), பிக்கப்பா? வாடகைக்கு எடுத்தால் நடைக்கு 1,200 கேட்கிறார்கள்.

பதில்: அண்ணாச்சி, வண்டியை அப்புறம் பார்ப்போம், முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். நாளைக்கு 50 கிலோ என்றால் மாதத்துக்கு ஒன்றரை டன். குட்டியானையில் இரண்டு, மிஞ்சினால் மூன்று நடை. நீங்கள் சொன்ன வாடகைப்படி இரண்டு நடைக்கு மாதம் 2,400, வருடத்துக்கு 28,800 ரூபாய். சொந்தமாக நாலு சக்கர சரக்கு வண்டி வைத்தால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுமே 2022இல் அறிவித்த கட்டணப்படி 16,049 ரூபாய், வரி தனி. அதன் மேல் எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று), ரோடு டேக்ஸ், டயர், பேட்டரி, பழைய வண்டிக்கே உரிய ஒர்க்‌ஷாப் செலவு, எல்லாவற்றுக்கும் பிறகு டீசல். விறகுக்காக மட்டும் என்றால் வாங்காதீர்கள், மாதத்துக்கு இரண்டு தடவை வாடகை வண்டியைக் கூப்பிடுங்கள். ஆனால் மைதா மூட்டை, காய்கறி, தண்ணீர் கேன் எல்லாம் இப்போது எதில் வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதுவும் இதே வண்டியில் வரும், வாரத்தில் நாலைந்து நாள் ஓடும் என்றால் கணக்கு திரும்பிவிடும், தாராளமாக வாங்கலாம்.

வாங்குவதென்றால் என் கை குட்டியானை பக்கம்தான் நீளும். லோடு ஆட்டோ மலிவு, சுமார் அரை டன் ஏற்றும், இன்சூரன்ஸும் அதே கட்டணப் பட்டியலில் 4,492தான், டவுனுக்குள் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் உங்கள் ஊர் கரிசல். காட்டுக்குள் போகிற வண்டித்தடத்தில் இரண்டு பக்கமும் சக்கரம் ஓடிப் பள்ளமாகி நடுவில் திட்டு ஏறியிருக்கும், மூன்று சக்கர வண்டியின் முன் சக்கரம் சரியாக அந்தத் திட்டின் மேல்தான் போகும், அங்கேதான் வெட்டிவிட்ட கருவேல மூட்டுக்கட்டைகள் குத்திட்டு நிற்கும். பாரம் உயரமாக இருந்து ஒரு பக்கம் சரிவும் சேர்ந்தால் கவிழ்வதற்கு நேரமாகாது. ஒரு மழை பெய்துவிட்டால் முன் சக்கரம் களியில் புதைந்து திருப்பவே முடியாது. நாலு சக்கரமும் மழை பெய்த கரிசலில் பெரிதாகச் சாதித்துவிடாது என்பது வேறு விஷயம், அன்றைக்கு விறகுக்கே போகக் கூடாது.

பிக்கப் உங்களுக்கு அதிகம். ஒன்றேகால் டன்னுக்கு மேல் ஏற்றலாம்தான், ஆனால் அவ்வளவு விறகை ஒரே நாளில் வெட்டி ஏற்ற உங்களிடம் ஆள் இருக்கிறதா? கூலிக்கு ஆள் வைத்து நிரப்பினால் அது இலவச விறகு இல்லை. தவிர 2 லட்சத்துக்குள் கிடைக்கிற பிக்கப் எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, எல்லாரும் கோட்டைவிடுவது இங்கேதான். பாடி நிறைகிற வரை ஏற்றலாம் என்று நினைக்கிறார்கள். குட்டியானையின் பாடி ஏறக்குறைய ஏழடி நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம், பக்கப் பலகை ஓரடி உயரம். பலகை மட்டத்துக்கு அடுக்கினால் கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர். கருவேல் நெளிநெளியாக இருக்கும், எப்படி அடுக்கினாலும் பாதி இடம் காற்றுதான். ஆனால் பச்சைக் கருவேல் ஏறக்குறைய தண்ணீர் கனம் கனக்கும். ஆக பலகை மட்டத்திலேயே அரை டன் ஏறிவிடுகிறது. கம்பெனி சொல்கிற அளவு முக்கால் டன். பலகைக்கு மேல் இன்னும் அரையடி, அவ்வளவுதான் உங்கள் உரிமை. கேபின் உயரத்துக்குக் குவித்துக்கொண்டு போகிற வண்டிகளை ரோட்டில் பார்க்கிறீர்களே, அவற்றின் ஸ்பிரிங் பட்டை மேல்பக்கமாக வளைந்து நிற்பதைக் கவனியுங்கள்.

பச்சை மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில மரங்களில் பாதிவரைகூட வெறும் தண்ணீர். நீங்கள் டீசல் போட்டு இழுத்து வருவது அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான். நிலத்துக்காரர் சம்மதித்தால் அடுப்பு அளவுக்கு வெட்டி வரப்போரத்தில் அடுக்கிவிட்டு வந்துவிடுங்கள். சித்திரை வெயில் இரண்டு மாதம் அடித்தால் அதே விறகு அதே வண்டியில் எவ்வளவு கூடுதலாக ஏறுகிறது என்று தெரியும், அடுப்பிலும் புகையாது. ‘நாளைக்கு உழவு, இன்னைக்கே எடுங்க’ என்கிறவரிடம் இது நடக்காது. அங்கே பச்சையாகத்தான் ஏற்றியாக வேண்டும், பலகைக்கு மேல் அந்த அரையடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏற்றும்போது தூர்க்கட்டை, வேர்க்கட்டை எல்லாம் கேபினை ஒட்டி அடியில் வரட்டும். கனத்தைப் பின் டோர் பக்கம் தள்ளினால் முன்பக்கம் தூக்கி ஸ்டீயரிங் லேசாகிவிடும், மேட்டில் ஏறும்போது பயமாக இருக்கும். குட்டைக் கட்டைகளுக்குக் கயிறு மட்டும் போதாது, பழைய மீன்வலையோ தார்ப்பாயோ மேலே போட்டு இறுக்குங்கள். பாடிக்கு வெளியே பக்கவாட்டில் கிளை நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கே மோட்டார் வாகனச் சட்டத்தில் 20,000 ரூபாய் அபராதம் இருக்கிறது, 2019 திருத்தத்தில் வந்தது. அதிக பாரத்துக்கும் 20,000தான், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000.

அப்புறம் முள். கருவேலங்காட்டுக்குள் போகிற எந்த வண்டிக்கும் இதுதான் முதல் செலவு. முள் டயருக்குள் ஏறி நுனி முறிந்து ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும், வெளியே பார்த்தால் புள்ளிகூடத் தெரியாது. ட்யூபுக்கு ஒட்டுப் போட்டு மாட்டுவார்கள், நாலு நாளில் அதே இடத்தில் காற்று இறங்கும், பஞ்சர் கடைக்காரரைத் திட்டுவோம். டயரைக் கழற்றியதும் உள்பக்கம் முழுக்கத் துணியால் ஒரு சுற்றுத் துடைக்கச் சொல்லுங்கள், முள் நுனி இருந்தால் துணி மாட்டும், விரலைவிடத் துணி நல்லது. வெட்டின இடத்துக்கு உள்ளே வண்டியை விடாமல், முள்ளைக் கூட்டித் தள்ளின இடம்வரை மட்டும் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் கட்டையைச் சுமந்து வருவது நடைக்கு அரைமணி கூடுதல், ஆனால் லாபம்.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது பெயின்டைப் பார்க்காதீர்கள், அடியில் குனியுங்கள். ஸ்பிரிங் மாட்டுகிற இடத்தில் சேஸில் வெல்டிங் அடித்திருக்கிறதா, கூடுதலாகப் பட்டை சொருகியிருக்கிறதா? இருந்தால் அது மணலோ செங்கல்லோ அளவுக்கு மீறிச் சுமந்த வண்டி, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பாடித் தகட்டைக் கீழிருந்து தட்டிப் பாருங்கள், மேலே புதுத் தகடு போட்டு மூடியிருப்பார்கள். ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் நீக்கியிருக்கிறதா, எஃப்சி எதுவரை இருக்கிறது, பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் கட்டாத அபராதம் நிற்கிறதா என்பதைப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். சொந்தக் கடை விறகுதானே என்றாலும் சரக்கு வண்டி சரக்கு வண்டிதான்: மஞ்சள் நம்பர் பலகை, முதல் 8 வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி, அதற்குப் பிறகு வருடாவருடம். பாரத்தோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை, குட்டியானை அதற்குள் அடங்கும். கார் ஓட்டும் லைசென்ஸே போதும், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்துவிட்டது.

எக்ஸெல்லை விற்றுவிடாதீர்கள். அதன் பாரம் 130 கிலோ, நீங்களும் அதில் சேர்த்தி. நீங்கள் 70 கிலோ இருந்தால் விறகு 60 கிலோ, அதாவது ஒரு நாள் அடுப்பு. வேப்பங்கிளை ஒன்று விழுந்தது என்று போன் வந்தால் அதற்குப் போய் பெரிய வண்டியைக் கிளப்ப வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் பழைய ஆம்னி வேன் சும்மா நிற்கிறது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு விறகு ஏற்றினால் என்ன? வீட்டு வெந்நீர் அடுப்புக்குத்தான். (திண்டுக்கல் வாசகர்)

பதில்: இடம் நிறைய இருக்கும், அதுதான் ஆபத்து. ஆம்னியில் டிரைவருக்கு முன்னால் இன்ஜின் கிடையாது, அது சீட்டுக்கு அடியில் இருக்கிறது. முன்னால் ஒரு தகடு, பின்னால் தடுப்பே இல்லாமல் விறகு. திடீரென்று பிரேக் அடித்தால் கட்டைகள் நேராக உங்கள் முதுகுக்கும் பிடரிக்கும் வரும். கேஸ் கிட் போட்ட வண்டி என்றால் சிலிண்டர் பின்னால்தான் இருக்கும், அதன் மேல் கட்டையை உருட்டுவதை யோசித்தே பார்க்காதீர்கள். வீட்டு அடுப்புக்குக் குச்சியும் சுள்ளியும் சாக்கில் கட்டி, சீட் முதுகு உயரத்துக்கு மேல் போகாமல் கொண்டுவரலாம், அதோடு சரி. ரெகுலராகச் சரக்கு ஏற்றினால் பதிவும் இன்சூரன்ஸும் பயணிகள் வண்டிக்கானது என்று நஷ்டஈடு கேட்கும்போது கையை விரித்துவிடுவார்கள்.

கேள்வி: மாமாவின் டிராக்டரும் டிரெய்லரும் இருக்கிறது. கண்மாய்க்குள் கருவேல் காடாகக் கிடக்கிறது, யாரும் சீண்டுவதில்லை. அள்ளிக்கொள்ளலாமா? (முதுகுளத்தூர் வாசகர்)

பதில்: யாரும் சீண்டவில்லை என்பதால் யாருக்கும் சொந்தமில்லை என்று ஆகாது தம்பி. கண்மாய் மரம் நீர்வளத்துறைக்கோ ஊராட்சிக்கோ உரியது, ஏலம் விட்டுத்தான் கொடுப்பார்கள். 2017இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை சீமைக்கருவேலை அகற்றச் சொன்னபோதுகூட, யார் வேண்டுமானாலும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம் இல்லை. ஏலம் எடுத்தவரைப் பிடியுங்கள். அவருக்குக் கரிமூட்டம் போடத் தோதான கட்டைதான் தேவை, நுனிக்கொம்பையும் சிராயையும் அங்கேயே விட்டுவிடுவார், கேட்டால் தந்துவிடுவார். பட்டா நிலத்து விறகானாலும் நிலத்துக்காரரிடம் சர்வே நம்பர் போட்டு நாலு வரி எழுதி வாங்கி வண்டியில் வைத்திருங்கள், வழியில் கேட்டால் பேச்சு சீக்கிரம் முடியும். தேக்கு, ஈட்டி, சந்தனம் எது கீழே கிடந்தாலும் தொடாதீர்கள். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே சொல்லிவிட்டார்கள். டிராக்டரைப் பொறுத்தவரை, விவசாயத்துக்கென்று பதிந்த வண்டியில் விற்கிற விறகை ஏற்றி விபத்து நடந்தால் மாமாவுக்குத்தான் தலைவலி. வீட்டுத் தேவைக்கு, சொந்த நிலத்தில் தூர் பிடுங்க அதைவிட நல்ல வண்டி கிடையாது.

கேள்வி: தென்னந்தோப்புகளில் மட்டை, பாளை, பன்னாடை இலவசமாகக் கிடைக்கிறது. நெல் அவிக்க வேண்டும். சின்ன வண்டி போதுமா? (பட்டுக்கோட்டை வாசகி)

பதில்: போதும் அம்மா. அருப்புக்கோட்டைக்காரருக்குச் சொன்னதை உங்களுக்கு அப்படியே தலைகீழாக்கிச் சொல்கிறேன். காய்ந்த மட்டையில் எடை இல்லை, இடம்தான் அடைக்கும். குட்டியானை நிறைய அடுக்கினாலும் வண்டிக்குப் பாரமே தெரியாது. பழைய லோடு ஆட்டோ ஒன்றை எடுத்து, கம்பி வலை அடித்த உயரமான பக்கச் சட்டம் போட்டுக்கொள்ளுங்கள், ஆர்டிஓவில் கேட்டுக்கொண்டு. மட்டையை ஓலை நீக்கி, அடிப்பகுதியை ஒரே பக்கமாக வைக்காமல் மாற்றி மாற்றி அடுக்கினால் இன்னும் கொஞ்சம் கொள்ளும். தார்ப்பாய் இல்லாமல் கிளம்பாதீர்கள், பன்னாடை பறந்து பின்னால் வருகிற பைக்காரர் முகத்தில் விழும். தோப்பு மண் மணலாக இருந்தால் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டி, ரோடு ஏறியதும் நிரப்புங்கள்.

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் உடைந்த மரப் பேலட்டுகளை (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) கொடுக்கிறார்கள். இட்லிக் கடைக்கு எரிக்கலாமா, எதில் ஏற்றுவது?

பதில்: ஏற்றுவது சுலபம், தட்டையாக அடுக்கிக்கொண்டே போகலாம், ரோடும் நல்ல ரோடு. லோடு ஆட்டோ தாராளம், பேட்டரி வண்டி கிடைத்தாலும் சரி. எரிப்பதற்கு முன்னால் பக்கக் கட்டையில் சூடு போட்ட முத்திரையைப் பாருங்கள். வெளிநாட்டுக்குப் போய்வருகிற பேலட்டில் எச்.டி. (HT) என்று ஆங்கில எழுத்து இருந்தால் வெப்பமேற்றிப் பதப்படுத்தியது, பெயின்ட் எண்ணெய் படாமல் இருந்தால் எரிக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லிப் புகை காட்டியது, சாப்பாட்டு அடுப்புப் பக்கமே வேண்டாம். பிளைவுட்டையும் ஒதுக்கிவிடுங்கள், அதில் பசை இருக்கிறது. ஆணியைப் பிடுங்க நேரமில்லை என்றால் அப்படியே எரித்துவிட்டுச் சாம்பலில் ஒரு காந்தத்தை ஓட்டி எடுங்கள், பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும். பிடுங்கின ஆணியை வண்டி நிற்கிற இடத்தில் சிந்தாதீர்கள்.